கான்கிரீட் கம்பிப் பாதுகாப்புப் பூச்சு

கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கும் எஃகுக் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் இடப்படும் பூச்சு. ஆலையிலேயே பூச்சிட்டு வரும் கம்பிகளும் உண்டு. ஆனால் சிங்கப்பூர்வாசிகள் பெரும்பாலும் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் பழுதுபார்ப்பில்தான் இதைக் காண்கிறார்கள்.

நல்ல கான்கிரீட்டின் பிஎச் அளவு 12.5-ஐத் தாண்டும். அந்தக் காரத்தன்மை கம்பியைத் துரு அண்டாமல் காக்கிறது. காற்றின் கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் ஊடுருவிப் பிஎச் அளவை 9-க்குக் கீழே இறக்கினால் காப்பு போய்விடும். கடலோரத்தில் உப்பும் இந்தக் காப்பை அழிக்கும். துரு, எஃகைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கான்கிரீட் வெடித்து உதிர்கிறது. 1980-களின் தொடக்கத்திலும் அதற்கு முன்பும் கட்டப்பட்ட வீடுகளில், ஈரம் தங்கும் குளியலறை, சமையலறைக் கூரைகளை அடிக்கடி கவனிக்க வேண்டும்.

பழுதுபார்ப்பவர் கூரையைச் சுத்தியலால் தட்டி, பொள்ளல் ஒலி கேட்கும் இடத்தைக் கொத்தி எடுப்பார். கம்பியின் பின்பக்கம் உட்படத் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கி, துத்தநாகம் மிகுந்த பூச்சோ சிமெண்ட் கலந்த பூச்சோ அடித்து, பாலிமர் சாந்தால் மூடுவார். இதில் தேய்ப்புதான் உயிர்நாடி. துருவின்மேல் அடித்த எந்த விலையுயர்ந்த பூச்சும் நிலைக்காது. ஓரிடத்தை மட்டும் சரிசெய்தால், அதை ஒட்டிய பழைய பகுதிக் கம்பி முன்னிலும் வேகமாகத் துருப்பிடிப்பதும் உண்டு. ஆகவே சேதம் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டியே கொத்த வேண்டும்.

ஆலையிலேயே இப்பாக்சிப் பிசின் பூசிய கம்பி 1973-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பாலத்தில் முதலில் பயன்பட்டது. 1986-இல் புளோரிடாவின் லாங் கீ கடற்பாலத்தில், கட்டிச் சில ஆண்டுகளிலேயே, அத்தகைய கம்பிகளும் அரித்திருந்தது தெரிந்தது. பூச்சில் விழும் கீறல் எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கட்டுமானத் துறை அதன்பின் தீவிரமாக ஆராய்ந்தது. தமிழ்நாட்டின் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், சிமெண்டையும் பாலிமரையும் கலந்த பூச்சு முறையை உருவாக்கியது.

சிங்கப்பூரில் 1986 மார்ச் 15-இல் சிராங்கூன் சாலை, ஓவன் சாலைச் சந்திப்பில் நியூ வோர்ல்ட் ஹோட்டல் இடிந்து 33 பேர் மாண்டனர். காரணம் வடிவமைப்புப் பிழை, துரு அல்ல. ஆனால் அதையடுத்து வந்த 1989-ஆம் ஆண்டுக் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு 10 ஆண்டுக்கொரு முறையும் பிற கட்டடங்களுக்கு 5 ஆண்டுக்கொரு முறையும் கட்டமைப்புச் சோதனை கட்டாயமானது. வீவக வீடுகளுக்கென 2007-இல் அறிவிக்கப்பட்ட இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில், உதிரும் கான்கிரீட்டைச் சரிசெய்வது அத்தியாவசியப் பணியாகச் சேர்க்கப்பட்டது. குடிமக்களின் வீடுகளில் அதற்கான முழுச் செலவையும் அரசே ஏற்கிறது.