சீட்டு

சீட்டு என்னும் சொல் எழுத்துப் பொறித்த சிறு தாள் துண்டைக் குறிப்பது. இந்தியில் 'சிட்டி' என வழங்கும் சொல்லோடு உறவுடைய இது, பெயர்களைத் துண்டுத்தாளில் எழுதிக் குலுக்கி எடுக்கும் வழக்கத்தின் வழியே கூட்டுச் சேமிப்பு முறைக்கும் பெயராயிற்று. சென்னையின் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் மீன் விற்கும் பெண்களும் ஆலைத் தொழிலாளர் குடும்பத்தாரும் கட்டும் சீட்டில், 20 பேர் மாதம் 1,000 ரூபாய் செலுத்தினால் மாதந்தோறும் ஒருவர் 20,000 ரூபாய் எடுப்பார். குலுக்கல் சீட்டில் வரிசையைத் தாள் தீர்மானிக்கிறது. ஏலச்சீட்டிலோ அவசரத் தேவையுள்ளவர் தொகையில் ஒரு பகுதியைத் தள்ளிக் கேட்க, அந்தத் 'தள்ளு' உறுப்பினர்களுக்குப் பங்காகிறது. பிணை கேட்கும் வங்கிக்கு வெளியே நிற்போர், ஒருவரையொருவர் அறிந்திருத்தலையே பிணையாக்கிக்கொண்ட நுட்பமான சமூக வடிவமைப்பு இது.

இதே வடிவமைப்பு ஆப்பிரிக்காவிலும் வேரூன்றியது. நைஜீரியாவின் யோருபா மக்கள் இதனை 'எசுசு' என்பர். மானிடவியலாளர் வில்லியம் பாஸ்கம் 1952இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அவர்களுள் அடிமைகளாகக் கடல் கடந்து கொண்டுசெல்லப்பட்டோர் உடைமை அனைத்தையும் இழந்தும் இம்முறையை மறக்கவில்லை. டிரினிடாடில் அது 'சூசூ' ஆயிற்று. எத்தியோப்பியாவின் 'எக்குப்', தென்னாப்பிரிக்காவின் 'ஸ்டோக்வெல்' ஆகியவையும் இவ்வகையினவே. தொலைவில் வாழும் தமிழக, ஆப்பிரிக்க உழைக்கும் மக்கள் கண்ட தீர்வு ஒன்றாக இருப்பது வியப்புக்குரியது.

ஆனால் இம்முறையில் இடரும் உண்டு: சீட்டு நடத்துபவர் தவறினால் எளியோரின் சேமிப்பு அழியும். ஆகவே இந்தியாவில் சீட்டு 1982ஆம் ஆண்டின் சிட்பண்டு (சீட்டு நிதி) சட்டப்படி பதிவுசெய்யப்பட்டதா என்று கேட்டறிந்து சேர்வதே முறை.