கேடயங்களால் ஆன கூரை

'ஷெல்டர்' என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மழைக்கு ஒதுங்கும் பஸ் ஸ்டாப்தான். நாலு கால், மேலே ஒரு தகரம். ஆனால் இந்தச் சொல்லின் வேரில் கூரை கிடையாது, ஆட்கள்தான் இருக்கிறார்கள்.

பழைய ஆங்கிலத்தில் 'ஷில்ட்' என்றால் கேடயம், 'ட்ரூமா' என்றால் படை. கேடயத்தோடு கேடயம் ஒட்டி நிற்கும் படைவரிசைக்கு 'ஷில்ட்ட்ரூமா' என்று பெயர். அது தேய்ந்து 'ஷெல்ட்ரன்' ஆனது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுத்துக்கு வரும் 'ஷெல்டர்' இதிலிருந்து பிறந்திருக்கும் என்பது சொல்லாய்வாளர்கள் பலரின் ஊகம்.

1066இல் ஹேஸ்டிங்ஸ் குன்றின்மேல் மன்னர் ஹெரால்டின் படை இப்படித்தான் நின்றது. நார்மன் குதிரைப்படை மோதி மோதித் திரும்பியது. திரும்பி ஓடுகிறவர்களைத் துரத்திக்கொண்டு சிலர் கீழே இறங்கினார்கள். வரிசையில் ஓட்டை விழுந்தது. அன்றைய பொழுது சாய்வதற்குள் மன்னரும் இல்லை, படையும் இல்லை.

1940 செப்டம்பர் 7. லண்டன்மீது ஜெர்மன் குண்டுகள் விழத் தொடங்கின. அரசாங்கம் ஏற்கெனவே 'ஆண்டர்சன் ஷெல்டர்' கொடுத்திருந்தது. தோட்டத்தில் குழி தோண்டிப் பாதி புதைக்கும் வளைந்த தகரக் கூடு. ஆண்டு வருமானம் 250 பவுண்டுக்குள் இருந்தால் இலவசம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கிழக்கு லண்டனின் நெரிசலான தெருக்களில் தோட்டத்துக்கு எங்கே போவது?

பாதாள ரயில் நிலையங்கள் இருந்தன. அங்கே தங்கக் கூடாது என்றது அரசு. ரயில் ஓட்டம் கெடும், உள்ளே போன ஜனங்கள் வெளியே வராமலே இருந்துவிடுவார்கள் என்று பயம். ஜனங்கள் சண்டைக்கெல்லாம் போகவில்லை. குறைந்த விலை டிக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு, போர்வையோடு உள்ளே இறங்கினார்கள், மேலே வரவில்லை. அவ்வளவுதான். அந்த மாதக் கடைசியில் ஓர் இரவு எண்ணிப் பார்த்தபோது 1,77,000 பேர். பிறகு அதே அரசு படுக்கைகளும் கழிப்பறைகளும் போட்டுக் கொடுத்தது.

சேர்ந்து படுத்தால் சாவு வராது என்றில்லை. அக்டோபர் 14 இரவு பாலம் நிலையத்துக்கு மேலே குண்டு விழுந்து, உள்ளே இருந்த அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹேஸ்டிங்ஸ் போரும் ஓர் அக்டோபர் 14இல்தான் நடந்தது.

மறுநாளும் மற்ற நிலையங்களில் ஜனங்கள் போர்வையோடு இறங்கினார்கள். முன்பின் தெரியாதவர்கள், தோளோடு தோள் ஒட்டி, நடைமேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை.