பாகையா, மில்லா? கண்ணிவெடி வரைபடத்தின் கோணக் கணக்கு

யாழ்ப்பாணத்தில் காணியைப் பரப்புக் கணக்கில் சொல்வார்கள். வன்னியில் ஏக்கர்க் கணக்கில். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று தெரிந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால், காணி உறுதியில் 'நான்கு' என்று மட்டும் எழுதி, எந்த அளவு என்று எழுதாமல் விட்டால் வழக்குத்தான் மிஞ்சும். கோணங்களை அளப்பதிலும் இதே சிக்கல் உண்டு. கண்ணிவெடிகள் இன்னும் முழுமையாக அகற்றப்படாத நிலத்தில் அது வழக்கோடு முடிவதில்லை.

பாடசாலையில் நாம் படித்த கோண அளவு பாகை. ஒரு முழு வட்டம் 360 பாகை. ஒரு பாகையில் 60 கலைகள். மற்றைய அளவு ஆரையன். வட்டத்தின் ஆரைக்குச் சமமான நீளமுள்ள வில், மையத்தில் அமைக்கும் கோணமே ஓர் ஆரையன். அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி ஆரையன். சுருக்கமாக 'மில்'.

சினைப்பர் துப்பாக்கிகளின் தொலைநோக்கிகளில் பெரும்பாலும் கலை அல்லது மில் அளவே குறிக்கப்பட்டிருக்கும். 100 மீற்றர் தூரத்தில் ஒரு கலை என்பது ஏறக்குறைய 2.9 சென்ரிமீற்றர், ஒரு மில் 10 சென்ரிமீற்றர். மீற்றரில் கணக்குப் பார்ப்பவருக்கு மில் இலகு. 100 யார் தூரத்தில் ஒரு கலை ஏறக்குறைய ஓர் அங்குலம் என்பதால், யாரிலும் அங்குலத்திலும் பழகியவருக்குக் கலை இலகு. துல்லியத்தில் ஒன்றுக்கொன்று குறைந்ததல்ல. கண்ணாடியில் ஓர் அளவும் திருகியில் வேறோர் அளவும் இருக்கும்போதுதான் கணக்குப் பிசகுகிறது.

மில்லிலும் பல வகை

கணிதப்படி ஒரு வட்டத்தில் ஏறக்குறைய 6283 மில்லி ஆரையன்கள் உள்ளன. களத்தில் வைத்து வகுக்க வசதியில்லாத எண் இது. ஆகவே நேட்டோ நாடுகள் வட்டத்தை 6400 மில்களாகப் பிரித்தன. சோவியத் ஒன்றியமும் அதன் வழியில் சீனாவும் 6000 ஆகப் பிரித்தன. இதனால் செங்கோணம் ஒரு முறையில் 1600 மில், மற்றையதில் 1500 மில். இராணுவத் திசைகாட்டிகள், பீரங்கிகள், வரைபடங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் இயங்குபவை.

6000 முறையில் '1500' என்று குறித்த திசையை, 6400 முறைத் திசைகாட்டியால் ஒருவர் தேடுகிறார் என்று வைப்போம். அவர் 90 பாகைக்குப் பதிலாக ஏறக்குறைய 84.4 பாகையில் நடப்பார். 200 மீற்றர் போனதும், போக வேண்டிய இடத்திலிருந்து ஏறக்குறைய 20 மீற்றர் விலகி நிற்பார்.

வன்னியில் இது ஏன் முக்கியம்

கண்ணிவெடி அகற்றும் பணியில் ஒவ்வொரு வெடிநிலமும் கோணத்தாலும் தூரத்தாலும் பதியப்படுகிறது. எளிதில் அழியாத ஓர் அடையாளத்தை, ஒரு பாலத்தையோ கட்டட மூலையையோ, தொடக்கமாக எடுப்பார்கள். அங்கிருந்து இத்தனை பாகைத் திசைகோளில், இத்தனை மீற்றர் தூரத்தில் எல்லையின் முதற்புள்ளி. அங்கிருந்து அடுத்த திருப்பம். இப்படியே எல்லை முழுவதும். கையில் வைத்திருக்கும் சாதாரண ஜீ.பி.எஸ். கருவி சில மீற்றர் பிசகக்கூடும் என்பதால் இந்தப் பதிவின் தேவை இன்னும் போகவில்லை. ஒரு பாகை பிழைத்தால்கூட 100 மீற்றரில் ஏறக்குறைய 1.75 மீற்றர் விலகும். மிதிவெடிக்கு அது மிகப் பெரிய இடைவெளி.

இங்கு இன்னொரு பொறியும் உண்டு. திசைகாட்டி காட்டுவது காந்த வடக்கு. வரைபடத்தின் மேல்நோக்கிய கோடு வேறு வடக்காக இருக்கலாம். முள்ளுக்கம்பி, இரும்புத் தகரம், வாகனம், மின்கம்பி அருகில் நின்றால் திசைகாட்டியின் முள்ளும் இழுபடும். பழைய காவலரண் கிடந்த இடங்களில் இவற்றுக்குக் குறைவில்லை.

இலங்கை 2017 டிசெம்பர் 13 அன்று கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அது 2018 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிலத்தை முழுமையாகத் துப்புரவாக்க உடன்படிக்கை தரும் காலம் பத்து ஆண்டுகள். ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய அமைப்புகளும் இராணுவத்தின் பிரிவும் இப்பணியில் ஈடுபட்டு வந்துள்ளன. கிளிநொச்சி மாவட்டத்தின் முகமாலையில் முன்னரங்கக் காவல் நிலைகள் ஆண்டுக்கணக்காக நின்ற நிலத்தைச் சல்லடை போட்டுத் தேட வேண்டியிருந்தது.

காணியைப் பொறுப்பேற்போர் கேட்க வேண்டியவை

துப்புரவாக்கிய காணி கையளிக்கப்படும்போது வரைபடத்தைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று எண்ணிக் கேளுங்கள். தொடக்க அடையாளம் எது? இன்றும் அது நிற்கிறதா? கோணம் பாகையிலா, மில்லிலா? மில் என்றால் 6400 முறையா, 6000 முறையா? எந்த வடக்கு? எந்தத் திகதியில் அளந்தது? எந்த ஆழம் வரை தேடினார்கள்? கிணறு வெட்டவோ மரம் கிளப்பவோ நினைப்பவருக்கு இந்தக் கடைசிக் கேள்வி மிக அவசியம்.

பதில்களைத் தெரிந்துகொண்டதும் எல்லையை நீங்களே திசைகாட்டியோடு தேடப் புறப்பட வேண்டாம். சந்தேகம் இருந்தால் கிராம அலுவலர் ஊடாகக் கண்ணிவெடி அகற்றுவோரை அழைத்து, எல்லைக் கட்டைகளை மீண்டும் காட்டச் சொல்லுங்கள்.

பாகை, கலை, மில் எதுவும் பொய் சொல்லாது. ஆனால் எந்த அளவு என்று எழுதப்படாத எண்ணை நம்பிக் காணிக்குள் கால் வைக்க முடியாது.