பயந்த பூனையின் இரத்தச் சர்க்கரை

பூனைக்கும் நீரிழிவு நோய் வரும் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். மனிதனுக்கு வருவதைப் போலவே வரும். இன்சுலின் ஊசியும் போட வேண்டியிருக்கும். ஆனால் இரத்தத்தைச் சோதித்து அந்நோயை உறுதி செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. அதன் காரணம் 1911-லேயே வெளியாகிவிட்டது.

அவ்வாண்டு அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உடலியல் அறிஞர் வால்டர் கேனன், வேறு இருவருடன் சேர்ந்து, பூனைகளைச் சட்டத்தில் கட்டிவைத்து ஆராய்ந்தார். பூனைகள் அஞ்சின, சீறின. சிறிது நேரத்தில் அவற்றின் சிறுநீரில் சர்க்கரை தோன்றியது! கூண்டிலிருந்த பூனையைப் பார்த்து நாய் குரைத்தபோதும் அப்படியே. அட்ரினல் சுரப்பிகளை நீக்கிய பூனைகளிலோ, எவ்வளவு மிரண்டாலும் சர்க்கரை வரவில்லை. (இப்படிப்பட்ட சோதனைக்கு இன்று எளிதில் அனுமதி கிடைக்காது, கிடைக்காதிருப்பதே நல்லது.) அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின், கல்லீரலில் சேமித்துள்ள கிளைகோஜனைச் சர்க்கரையாக்கி இரத்தத்தில் விடுகிறது. ஓடவோ போராடவோ தசைகளுக்கு எரிபொருள் வேண்டுமல்லவா?

இப்போது மருத்துவமனை மேசைக்கு வாருங்கள். நலமான பூனையின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 70 முதல் 150 மில்லிகிராம் வரை சர்க்கரை இருக்கும். கூடையில் அடைத்துக் கொண்டுவந்து, பிடித்து அழுத்தி ஊசி குத்தினால் அது 300-ஐயும் தாண்டக்கூடும். மிரட்சி நீடித்தால் சிறுநீரிலும் சர்க்கரை இறங்கும். அந்த ஓர் எண்ணை நம்பி, நோயில்லாத பூனைக்கு இன்சுலின் போட்டால் சர்க்கரை அளவுமீறித் தாழ்ந்து, உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதற்கு விடை மனித மருத்துவத்திலிருந்து வந்தது. 1983-ல் நியூசிலாந்து ஆராய்ச்சியாளர்கள் ஃபிரக்டோசமைன் என்னும் சோதனையை வெளியிட்டனர். இரத்தத்தில் உள்ள சர்க்கரை, அங்குள்ள புரதங்களோடு மெல்ல மெல்ல ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை மிகுந்தால் ஒட்டுவதும் மிகும். ஒரு மணி நேர அச்சத்தில் அது அதிகம் மாறாது. பல நாள் மிகுந்திருந்தால்தான் உயரும். இயற்பியல் மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: முதற்சோதனை காட்டுவது ஒரு கணத்தின் வேகம், இது காட்டுவதோ பூனைக்குக் கடந்த ஓரிரு வாரங்களின் சராசரி.

ஆகவே சர்க்கரையும் ஃபிரக்டோசமைனும் இரண்டும் உயர்ந்திருந்தால் நீரிழிவு என்று கொள்ளலாம். சர்க்கரை மட்டும் உயர்ந்திருந்தால் அச்சமே காரணமாயிருக்கலாம். நோய் தொடங்கிச் சில நாளே ஆகியிருந்தாலும் அப்படித் தோன்றும் என்பதால் மறுமுறை பார்ப்பார்கள். இன்னொன்று: தைராய்டு சுரப்பி மிகையாக இயங்கும் பூனையில் புரதங்கள் விரைவாகச் சிதைந்து புதிதாவதால், ஒட்டுவதற்கு நேரம் போதாது, ஃபிரக்டோசமைன் குறைத்தே காட்டும். வயதான பூனைகளில் இந்தத் தைராய்டு நோய் அரிதன்று.

சிகிச்சை தொடங்கியபின், பழகிய வீட்டிலேயே காது நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சிறு கருவியில் பார்ப்பதும் உண்டு. மனிதருக்கான கருவி பூனை இரத்தத்தில் பெரும்பாலும் குறைத்தே காட்டுவதால், பூனைக்கெனத் திருத்தியமைத்த கருவியையே மருத்துவர்கள் விரும்புகின்றனர்.