பழைய ஜீப் இழுக்குமா?

ஜீப் பிறந்ததே போருக்காகத்தான். 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் முடிந்த 1945-லேயே வில்லிஸ் அதைக் கொஞ்சம் மாற்றி, சிஜே-2ஏ என்று விவசாயிகளுக்காக இறக்கியது. உழும், டிரெய்லர் இழுக்கும் என்று விளம்பரம்! சுதந்திரம் வந்த கையோடு மகிந்திரா இங்கே வில்லிஸ் ஜீப்பைப் பொருத்தி விற்கத் தொடங்கியது.

ஆனால் வயலில் ஜெயித்தது டிராக்டர்தான். மகிந்திராவே 1963-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் சேர்ந்து டிராக்டர் தொழிலில் இறங்கியது. ஜீப் ரோட்டு வண்டியாக நின்றுவிட்டது.

எனவே உத்திரமேரூர் பக்கம் நெல் மூட்டை டிரெய்லரை இழுக்கப் பழைய ஜீப்போ பொலிரோவோ தேடுபவர் முதலில் கேட்க வேண்டியது 'இழுக்குமா' அல்ல, 'நிற்குமா' என்பதே. பின்பாரம் முன்னால் தள்ளும்போது உயிரைக் காப்பது நல்ல பிரேக்கும் துருப்பிடிக்காத சேஸிஸும்தான். லோ கியர் அப்புறம்.

அடுத்தது ஆர்.சி. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டியைச் சோதித்த பிறகே பதிவைப் புதுப்பிப்பார்கள்.

பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர் கல்வெட்டின்படி, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் போட முடியாது. பேப்பர் இல்லாத வண்டிக்கும் அதே விதிதான்!