பத்து விநாடி விருந்தாளி

விருந்தாளிகளில் ஒரு ரகம் உண்டு. "இதோ, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறேன்" என்று திண்ணையில் உட்காருவார். சாயங்காலம் பார்த்தால் கூடத்து ஊஞ்சலில் இருப்பார். மறுவாரம் வீட்டுக்காரரையே பார்த்து, "சாப்பாட்டு நேரத்தைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்ளலாமே?" என்று யோசனை சொல்வார். விளையாட்டுப் பந்தயங்களுக்கு நடுவே டெலிவிஷனில் வரும் விளம்பரத்தின் சரித்திரம் ஏறக்குறைய இதுதான்.

அந்த விருந்தாளி முதன்முதலாகத் திண்ணையில் வந்து உட்கார்ந்த தேதியைக்கூடச் சொல்லிவிடலாம். 1941-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ஆம் தேதி. நியூயார்க் நகரில் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கும் பிலடெல்பியா பில்லீஸுக்கும் பேஸ்பால் பந்தயம். அதை டபிள்யூ. என். பி. டி. என்ற நிலையம் ஒளிபரப்ப ஏற்பாடாகியிருந்தது. பந்தயம் தொடங்குமுன் திரையில் அமெரிக்க தேசப்படம் ஒன்று தோன்றியது. அதன்மேல் ஒரு கடிகார முகம். அதில் 'புலோவா' என்று கம்பெனியின் பெயர். அமெரிக்கா நடப்பது புலோவா கடிகாரத்தின் நேரப்படிதான் என்று ஒரு குரல் சொல்லி ஓய்ந்தது. அவ்வளவுதான், பத்து விநாடி. அமெரிக்காவில் சட்டப்படி அனுமதி பெற்றுக் காசு வாங்கிக்கொண்டு காட்டிய முதல் டெலிவிஷன் விளம்பரம் இது. கம்பெனிக்கு ஆன மொத்தச் செலவு 9 டாலர். அன்று அந்த ஊரிலே டெலிவிஷன் பெட்டி இருந்த வீடுகளே சில ஆயிரம்தான். அதைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் கடிகாரம் வாங்கினார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்!

அந்தப் பத்து விநாடியிலிருந்து ஊஞ்சலுக்கு வர விளம்பரத்துக்கு அதிக காலம் பிடிக்கவில்லை. அதற்குத் தோதாக வாய்த்தது அமெரிக்க ஃபுட்பால். இது நம்முடைய கால்பந்து அல்ல. முட்டை வடிவமான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிய ஆஜானுபாகுகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரளுகிற ஆட்டம். நம் கால்பந்து தொடங்கினால் முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் ஓடும். நடுவில் ஒருவன் எட்டிப் பார்த்துச் சோப்பு விற்க முடியாது. அமெரிக்க ஆட்டமோ ஓர் இடி, ஒரு நிறுத்தம். ஓர் இடி, ஒரு நிறுத்தம். மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் ஒளிபரப்பில் பந்து உண்மையாக ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிஷம்தான் என்று உட்கார்ந்து கணக்கெடுத்திருக்கிறார்கள். மீதி நேரத்தை என்ன செய்வது? விருந்தாளி தாராளமாகக் காலை நீட்டிக்கொண்டார்.

1967-ஆம் வருஷம் ஜனவரி 15-ஆம் தேதி நடந்த ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பிடித்தமானது என்று சொல்வதா, வருத்தமானது என்று சொல்வதா என்று இன்னும் தீர்மானம் செய்யவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கிரீன் பே பேக்கர்ஸுக்கும் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்கும் பந்தயம். பின்னாளில் முதலாவது 'சூப்பர் பௌல்' என்று எண்ணிக்கை ஆரம்பித்தது இதிலிருந்துதான். சி. பி. எஸ்., என். பி. சி. என்ற இரண்டு ஸ்தாபனங்களும் ஒரே ஆட்டத்தைப் போட்டி போட்டுக்கொண்டு ஒளிபரப்பின. இடைவேளை முடிந்து இரண்டாம் பாதியைத் தொடங்கிவைக்கப் பந்தை உதைத்தார்கள். அந்தச் சமயத்தில் என். பி. சி.யில் விளம்பரம் முடிந்தபாடில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? நடந்த உதையை நடக்காததாக வைத்துக்கொண்டு, பந்தைத் திரும்பக் கொண்டுவந்து மறுபடியும் உதைக்கச் சொன்னார்கள்! மைதானத்திலே அறுபதினாயிரம் பேர் கண்ணால் பார்த்த ஒரு காரியம், விளம்பரம் முடியாத காரணத்தால் ரத்தாகிவிட்டது. வீட்டுக்காரர் யார், விருந்தாளி யார் என்பது அந்தக் கணத்தில் தீர்ந்துபோன விஷயம் என்று நினைக்கிறேன். இன்னொரு வேடிக்கை: அந்தப் பந்தயத்தின் ஒளிப்பதிவு நாடாவை இரண்டு ஸ்தாபனங்களுமே பத்திரப்படுத்தி வைக்கவில்லை.

அன்றைக்கு அரை நிமிஷ விளம்பரத்துக்கு ஏறக்குறைய 40,000 டாலர் வாங்கினார்கள். 2025-ஆம் வருஷத்துப் பந்தயத்தில் அதே அரை நிமிஷம் 80 லட்சம் டாலர் வரையில் விலைபோயிற்று.

அமெரிக்கர்கள்தாம் இப்படி என்று நாம் சிரித்துக்கொள்ள வேண்டாம். கிரிக்கெட்டில் ஆறு பந்துக்கு ஒரு தடவை ஓவர் முடிவதைப் பகவானே விளம்பரக்காரர்களுக்காக ஏற்பாடு செய்ததுபோல் இருக்கிறது. அதுவும் போதவில்லை. 2009-ல் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஐ. பி. எல். பந்தயங்களில் ஒவ்வொரு இன்னிங்ஸின் நடுவிலும் ஏழரை நிமிஷம் ஆட்டத்தை நிறுத்தினார்கள். யுக்தி வகுப்பதற்கு அவகாசம் என்று அதற்குப் பெயர். நன்றாக அடித்துக்கொண்டிருந்த ஆட்டக்காரர்கள், கை சூடு ஆறிப்போகிறது என்று முணுமுணுத்தார்கள். பிறகு ஏழரையை இரண்டரை இரண்டரையாக உடைத்துவிட்டார்கள். (நம்மவர்களுக்கு ஏழரை என்றாலே சனி ஞாபகம் வந்துவிடும்.) பிற்பாடு, அந்த அவகாசத்துக்கே ஒரு டயர் கம்பெனி பணம் கொடுத்துத் தன் பெயரைச் சூட்டிக்கொண்டது. ஆட்டத்துக்கு நடுவே விளம்பரம் என்பது போய், ஆட்டம் நிற்பதே விளம்பரமாகிவிட்டது.

இத்தனை குறை சொன்ன நான், எதிர்க்கட்சிக்காக ஒரு வார்த்தையாவது பேச வேண்டும். நான் கதை எழுதுகிறவன். முந்நூறு பக்கம் எழுதிய பிறகும் கதாநாயகனின் மனசை வாசகருக்குக் காட்ட முடியாமல் திண்டாடியிருக்கிறேன். இந்தச் சந்தைக் கூச்சலுக்கு நடுவே ஒரு நிமிஷத்துக்குள் கதை சொல்லி முடித்திருக்கிறார்கள் சிலர். தொழில் முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

1974-ல் 'மாஸ்டர் லாக்' என்ற பூட்டுக் கம்பெனி ஒரு பூட்டைத் துப்பாக்கியால் சுட்டுக் காட்டியது. குண்டு பூட்டைத் துளைத்துக்கொண்டு போகிறது, பூட்டு திறக்கவில்லை. அது நல்ல விளம்பரம், ஆனால் கதை அல்ல. கதை 1979-ல் வந்தது.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் கோஷ்டியில் ஜோ கிரீன் என்று ஒரு தடுப்பாட்டக்காரர். எதிரிகள் அவருக்கு வைத்த மரியாதை அவர் பட்டப் பெயரிலேயே இருக்கிறது: 'பொல்லாத ஜோ.' விளம்பரத்தில் அவர் அடிபட்டு, நொண்டிக்கொண்டு, மைதானத்திலிருந்து உள்ளே போகும் சுரங்க வழியில் தனியாக வருகிறார். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருக்கிறார். பின்னால் ஒரு பையன். கையில் பெரிய கோக கோலா பாட்டில். "உங்களுக்கு ஏதாவது உதவி வேண்டுமா?" என்கிறான். வேண்டாம் என்கிறார். நீங்கள்தான் எல்லாரிலும் சிறந்தவர் என்கிறான். ஏனோதானோ என்று ஒரு முனகல். தன் பாட்டிலை நீட்டுகிறான். வேண்டாம் என்கிறார். "நிஜமாகத்தான், எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறான். வாங்கி ஒரே மூச்சில் அண்ணாந்து குடித்துத் தீர்க்கிறார். பையன் முகம் தொங்கிப்போய்த் திரும்பி நடக்கிறான். அப்போது பொல்லாத ஜோ அவனைக் கூப்பிட்டுத் தோளிலிருந்த சட்டையைத் தூக்கி எறிகிறார். சிரிக்கிறார்.

பாட்டிலில் உள்ள பானம் தித்திப்பா, புளிப்பா என்று இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னணியில் ஒரு பாட்டு அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. கொடுக்கிறவன் பலவீனன், வாங்குகிறவன் பலசாலி. கொடுத்ததற்குக் கைம்மாறு வராது என்று நினைத்துக் கிளம்பிய பிறகே கைம்மாறு வருகிறது. குசேலர் அவலை மடியில் மறைத்துக்கொண்டு நின்ற கதை தெரிந்த நமக்கு இதன் சூட்சுமத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நியூயார்க்குக்குப் பக்கத்தில் மௌண்ட் வெர்னன் என்ற ஊரில் ஒரு சின்ன மைதானத்தில் இதைப் படம் பிடித்தார்கள். படம் சரியாக வருவதற்குள் கிரீன் 18 பாட்டில் குடிக்க வேண்டியிருந்ததாம். பாதி வசனத்தில் ஏப்பம் வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து! 1979 அக்டோபர் முதல் தேதி முதல் ஒளிபரப்பு. 1980 ஜனவரி 20-ஆம் தேதி நடந்த சூப்பர் பௌல் பந்தயத்தின் நடுவில் அது வந்தபோது, அதே ஜோ கிரீன் மைதானத்தில் எதிரிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஸ்டீலர்ஸ் 31-க்கு 19 என்று ஜெயித்தார்கள். பிரேஸிலில் ஜீக்கோவையும் அர்ஜென்டினாவில் மாரடோனாவையும் வைத்து இதே கதையை எடுத்தார்கள். கிரீனுக்கு நேர்ந்ததுதான் விசேஷம். அதற்கு முன் அவரைக் கண்டு ஒதுங்கிப்போன ஜனங்கள் இப்போது பக்கத்தில் வந்து பேச ஆரம்பித்தார்கள். குழந்தைகளுக்குப் பயம் விட்டுப்போயிற்று. இதை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். பானம் எத்தனை விற்றதோ, ஒரு மனிதனின் பட்டப் பெயர் பல் பிடுங்கின பாம்பாகிவிட்டது.

குளிர்பானம் என்றதும் நம் பக்கத்துச் சங்கதி ஒன்று. 1996-ல் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்றும் சேர்ந்து நடத்திய கிரிக்கெட் உலகக் கோப்பைக்கு அதிகாரபூர்வமான பானம் என்ற பட்டத்தைப் பணம் கொடுத்துப் பெற்றது கோக கோலா. பட்டம் கிடைக்காத பெப்ஸி, டெண்டுல்கர் முதலியவர்களை வைத்துக்கொண்டு, எங்களிடம் அதிகாரபூர்வம் ஒன்றும் இல்லை என்று மார்தட்டிக்கொண்டது. கல்யாணத்துக்கு அழைப்பு இல்லாதவன் வாசலில் நின்று கச்சேரி செய்து கூட்டத்தை இழுத்த மாதிரி! அந்தக் கோப்பையைப் பார்த்தவர்களிடம் எந்தப் பானம் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட வரையில் பெப்ஸி என்றுதான் சொன்னார்கள்.

மறுபடி அமெரிக்காவுக்கே போவோம். எல்லாவற்றிலும் பெயர் பெற்ற விளம்பரம் 1984 ஜனவரி 22-ஆம் தேதி வந்தது. ஜார்ஜ் ஆர்வெல் 1949-ல் வெளியிட்ட '1984' என்ற நாவலின் நிழலில் பிறந்தது அது. (ஆர்வெல் பிறந்தது நம் பீகாரிலுள்ள மோதிஹாரியில் என்பதை இங்கே சொல்லிக்கொள்வதில் ஓர் அற்ப சந்தோஷம்.) மொட்டைத் தலையும் சாம்பல் நிற உடையுமாக மனிதர்கள் வரிசை வரிசையாக நடந்து வந்து பெரிய திரை ஒன்றின் முன் உட்காருகிறார்கள். திரையில் ஒரு முகம் உபதேசம் செய்துகொண்டே இருக்கிறது. சிவப்பு அரைக்கால் சட்டை அணிந்த ஒரு பெண், கையில் சம்மட்டியோடு, காவலர்கள் துரத்த ஓடி வருகிறாள். சம்மட்டியைச் சுழற்றி வீசுகிறாள். திரை வெடித்துச் சிதறுகிறது. ஜனவரி 24-ஆம் தேதி 'மேக்கின்டாஷ்' என்ற கம்ப்யூட்டர் வெளிவருகிறது என்று ஓர் அறிவிப்பு. கம்ப்யூட்டரை மாத்திரம் காட்டவே இல்லை!

டைரக்டர் ரிட்லி ஸ்காட். சம்மட்டி வீசியவர் ஆன்யா மேஜர். தட்டு எறிதலில் பழகிய கை ஆனதால் சம்மட்டி அவருக்கு வசப்பட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது ஆப்பிள் கம்பெனியின் டைரக்டர்கள் சபையைப் பற்றி. ஒளிபரப்புக்கு முன் அவர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். முடிந்ததும் நிசப்தம். ஒருவர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். வேறு விளம்பர ஏஜென்ஸியைப் பார்க்கலாமா என்று பேச்சு வந்தது. வாங்கிய ஒளிபரப்பு நேரத்தை யாருக்காவது விற்றுத் தொலையுங்கள் என்று உத்தரவாயிற்று. ஷியாட் டே என்ற அந்த ஏஜென்ஸி அரை நிமிஷத்தை விற்றது. ஒரு நிமிஷத்தை விற்காமல் வைத்துக்கொண்டது. கம்பெனியை ஸ்டீவ் ஜாப்ஸோடு சேர்ந்து தொடங்கிய வாஸ்னியாக், பாதிப் பணத்தை என் கையிலிருந்து தருகிறேன் என்றார். அதற்கு அவசியம் நேரவில்லை. மூன்றாவது கால் ஆட்டத்தில் விளம்பரம் வந்தது. அன்று இரவு செய்தி நிகழ்ச்சிகளில் அதையே செய்தியாக இலவசமாகத் திரும்பப் போட்டார்கள். தேச முழுவதும் பணம் கொடுத்துக் காட்டியது அந்த ஒரே தடவை. அதற்கு முன், 1983 டிசம்பரில், ஐடஹோ மாகாணத்து ட்வின் ஃபால்ஸ் என்ற சிற்றூர் நிலையத்தில் நள்ளிரவு வேளையில் ஒரு தடவை ஓட்டியிருந்தார்கள். அந்த வருஷத்துப் பரிசுகளுக்குத் தகுதி பெறுவதற்காகச் செய்த தந்திரம். தூக்கம் வராமல் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்த ஏதோ ஓர் உருளைக்கிழங்கு விவசாயி அதைப் பார்த்து என்ன நினைத்தாரோ, அதை யாராவது கதையாக எழுதலாம்.

அன்றைய ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் ரைடர்ஸ் 38-க்கு 9 என்று வாஷிங்டன் கோஷ்டியை நொறுக்கினார்கள். அது இப்போது யாருக்கு ஞாபகம்?

மறுவருஷமும் ஆப்பிள் வந்தது. இந்தத் தடவை டைரக்டர் ரிட்லி ஸ்காட்டின் தம்பி டோனி ஸ்காட். கண்ணைக் கட்டிக்கொண்ட ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள், கோட்டும் பெட்டியுமாக, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துச் சீட்டியடித்தபடி மலை விளிம்புக்குப் போய் ஒவ்வொருவராக விழுகிறார்கள். கடைசி ஆள் மாத்திரம் கட்டை அவிழ்த்துப் பார்க்கிறான். வாங்க வேண்டிய உத்தியோகஸ்தர்களுக்கோ ஒரே கோபம். போன வருஷம் திரையில் பேசியவனின் மேல் சம்மட்டியை எறிந்தார்கள், ஜனங்கள் கைதட்டினார்கள். இந்த வருஷம் பார்க்கிறவர்களையே பள்ளத்தில் தள்ளினார்கள். விற்பனை ஏறவில்லை. அந்த வருஷம் செப்டம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸ் கம்பெனியை விட்டே வெளியேறும்படி ஆயிற்று. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன.

1985-ன் அந்தப் பந்தயம் நடந்தது ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலை மைதானத்தில். அங்கே உட்காருவதற்கு வெறும் மரப் பலகைகள்தாம். ஆட்டம் பார்க்க வந்தவர்களின் சௌகரியத்துக்காக ஒவ்வோர் இடத்திலும் ஒரு மெத்தை போட்டிருந்தார்கள். மெத்தையின்மேல் ஆப்பிள் கம்பெனியின் முத்திரை அச்சடித்திருந்தது.