புரை முற்றும்வரை

கண்புரையை உடனே அகற்றாமல் அது முற்றும்வரை காத்திருக்க வேண்டும் என்னும் கருத்து தமிழ்நாட்டு வீடுகளில் இன்றும் வழக்கில் உள்ளது. அறியாமையில் பிறந்த பழக்கம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது; ஏனெனில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் இது கண் மருத்துவர்களே வகுத்துக் கொடுத்த விதியாக இருந்தது. அந்த விதி எங்கிருந்து வந்தது, எந்தக் காரணங்களால் நிலைத்தது, எப்போது பொருளிழந்தது என்பதை அறிந்தால்தான், முதியோரின் கண்ணையும் மூளையையும் சேர்த்துப் பார்க்கும் இன்றைய ஆய்வுகளின் முக்கியத்துவம் விளங்கும்.

கண்மணிக்குப் பின்னால் உள்ள தெளிந்த வில்லை வயதேற ஏற மங்கிப் பழுப்பதே புரை. பழைய மருத்துவர்கள் இதை அறியவில்லை. தலையிலிருந்து ஒரு நீர் கண்ணுக்குள் இறங்கி, கண்மணியின் பின்னே தங்கி உறைகிறது என்று கிரேக்க, ரோமானிய, அரபு மருத்துவ நூல்கள் கருதின. அரபியில் இந்நோய்க்கு வழங்கிய பெயரே நீர் இறங்குதல் என்று பொருள்படும்; தமிழிலும் புரை விழுகிறது என்றே சொல்கிறோம். இறங்கிய நீர் உறைந்து கெட்டிப்பட்டால்தான் ஊசிக்கு அகப்படும் என்பதால், கெட்டியாகும்வரை பொறுத்திருக்குமாறு முதல் நூற்றாண்டு ரோமானிய ஆசிரியர் செல்சஸ் எழுதினார். காத்திருப்பின் முதல் காரணம் இதுவே.

அன்றைய சிகிச்சை புரையை வெளியே எடுப்பதன்று. பார்வைப் பாதையிலிருந்து தள்ளிவிடுவது. சுசுருத சம்ஹிதை இதை நுணுக்கமாக விவரிக்கிறது. நோயாளி தம் மூக்கு நுனியைப் பார்த்தபடி அசையாமல் இருக்க, மருத்துவர் வலக் கண்ணுக்கு இடக் கையாலும் இடக் கண்ணுக்கு வலக் கையாலும் வாற்கோதுமை மணி போன்ற முனையுடைய சலாகையைப் பிடித்து, இரத்த நாளங்களைத் தவிர்த்து வெண்விழியின் பக்கமாகச் செலுத்துவார். பின்னர் கண்ணைத் தாய்ப்பாலால் நனைத்து, நெய் தடவித் துணியால் கட்டுவார். தும்மல், இருமல், ஏப்பம் ஆகியவற்றையெல்லாம் நோயாளி அடக்கிக்கொள்ள வேண்டும் என்று நூல் எச்சரிப்பதிலிருந்து, தள்ளிய புரை மீண்டும் எழுந்துவிடும் என்ற அச்சம் அம்மருத்துவர்களுக்கு எவ்வளவு இருந்தது என்பது தெரிகிறது.

இம்முறை இந்தியாவில் இருபதாம் நூற்றாண்டிலும் ஊர் ஊராகச் செல்லும் வைத்தியர்களிடம் உயிரோடிருந்தது. 1819இல் தொடங்கிய சென்னைக் கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணியாற்றிய ராபர்ட் ஹென்றி எலியட், இந்த வைத்தியத்துக்குப் பின் கெட்டுப்போய் வந்த கண்களை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். ஊசியை எடுத்தவுடன் எதிரே காட்டிய விரல்களை எண்ணிச் சொல்லும் நோயாளி மகிழ்ந்து கூலி கொடுப்பார். சீழும் அழுத்தமும் கண்ணைக் கெடுக்கும் நாளில் வைத்தியர் வேறு ஊரில் இருப்பார். இதற்கு முன்பே, தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798–1832) கண் நோயாளிகளின் விவரங்களைக் கண் ஓவியங்களோடு ஏடுகளாக எழுதி வைக்கச் செய்திருந்தார் என்பது தமிழ் நிலத்துக் கண் மருத்துவத்துக்குப் பெருமை தரும் செய்தி.

நீர் உறைவதென்ற கோட்பாட்டை 1705இல் பிரெஞ்சு மருத்துவர் பிரிசோ தகர்த்தார். இறந்தவரின் கண்ணை அறுத்துப் பார்த்து, மங்கியது வில்லைதான் என்று காட்டினார். 1747இல் ழாக் தவியேல் அந்த வில்லையை வெட்டி வெளியே எடுத்தார். கோட்பாடு மாறியும் காத்திருப்பு மாறவில்லை. முற்றாத வில்லையின் மென்மையான பகுதி முழுமையாக வராமல் கண்ணுக்குள் ஒட்டி நின்று அழற்சியை உண்டாக்கியதால், முற்றட்டும் என்ற சொல் புதிய காரணத்தோடு தொடர்ந்தது.

மூன்றாவது காரணம் கண்ணாடி. வில்லையை இழந்த கண்ணுக்குப் பத்து டையாப்டர் அளவில் தடித்த கண்ணாடி தேவைப்பட்டது. ஊரார் சோடாபுட்டி என்று அழைத்த அது, எதிரே உள்ளவற்றை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பெரிதாக்கி, ஓரங்களில் குருட்டு வளையம் ஒன்றையும் உண்டாக்கியது. ஒரு கண்ணுக்கு மட்டும் அதைப் போட்டால் இரு கண்களின் உருவங்களும் ஒன்றாமல் தலை சுற்றும் என்பதால், மற்றொரு கண்ணும் மங்கும்வரை மருத்துவர்களே பொறுக்கச் சொன்னார்கள்.

1949இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி செயற்கை வில்லையை முதன்முதலாகக் கண்ணுக்குள் பொருத்தியதும், 1967இல் சார்லஸ் கெல்மன் மிகையொலி அதிர்வால் புரையைக் குழம்பாக்கி உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்ததும் எஞ்சியிருந்த இரு காரணங்களையும் நீக்கின. ஆனால் செயற்கை வில்லையின் விலை ஏழை முதியவருக்கு எட்டாததாகவே இருந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில், 1992இல் ஆரோலேப் செயற்கை வில்லைகளை மதுரையிலேயே செய்யத் தொடங்கிய பிறகே அந்தத் தடை தளர்ந்தது.

இத்தனை காலமும் அறுவையின் வெற்றி கண்ணளவிலேயே அளக்கப்பட்டது. 2021 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று அளவுகோலை நீட்டியது. சியாட்டில் பகுதியில் புரையோ கண் அழுத்த நோயோ உடைய, 65 வயதைக் கடந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்ததில், புரையை அகற்றிக்கொண்டவர்களுக்கு, நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குலையும் மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. உடல்நலம் நன்றாக உள்ளவர்களே அறுவைக்கு முன்வருவதால் இப்படித் தோன்றலாம் என்ற ஐயம் நியாயமானதே. ஆயினும் பார்வையை மீட்டுத் தராத கண் அழுத்த அறுவை செய்துகொண்டவர்களிடம் இத்தகைய குறைவு காணப்படவில்லை. காட்சி குறைந்த மூளைக்கு வேலை குறைவதும், முகம் தெரியாத முதியவர் பேச்சிலிருந்து விலகுவதும், உறக்க நேரத்தை ஒழுங்குசெய்யும் நீல ஒளியைப் பழுத்த வில்லை தடுப்பதும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. அறுவை மறதியைத் தடுக்கும் என்று இவற்றைக் கொண்டு அறுதியிட இயலாது. ஆனால் லான்செட் இதழ் அமைத்த ஆணையம் 2024இல், மறதிநோய்க்கான, மாற்றியமைக்கக்கூடிய 14 காரணிகளுள் ஒன்றாகச் சிகிச்சை பெறாத பார்வைக் குறைவைச் சேர்த்தது.

இன்று முற்றிக் கல்லான வில்லையை உடைக்கக் கூடுதல் அதிர்வு தேவைப்படுவதால், மருத்துவருக்கும் முற்றாத புரையே எளிது. பேரனைக் குரலால் மட்டும் அடையாளம் கண்டு, படிகளைக் காலால் தடவி இறங்கி, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு புரை முற்றட்டும் என்று முதியவர்கள் இன்னமும் கழிக்கும் ஓரிரண்டு ஆண்டுகளை அவர்களிடம் கேட்பதற்கு இப்போது எந்த மருத்துவக் காரணமும் எஞ்சவில்லை.